லூர்துசாமி லூர்துக்குப் போகவில்லை

1

ஜூன் கடைசியில் மகளின் பள்ளியிலிருந்து ஒரு தாள் வந்தது. பிரான்சில் எல்லோரும் பார்க்க வேண்டிய பத்து இடங்களின் படங்கள் அதில் இருந்தன. குடும்பத்தோடு போய்வந்த இடங்களைச் சுற்றி வட்டம் போட வேண்டும். அவற்றில் ஒன்றைப் பற்றி நான்கு வரி எழுதி, விடுமுறைக்கு முன் கொடுக்க வேண்டும். மகள் பெயர் ரேச்சல், எட்டு வயது. பள்ளியில் அவள் ரஷெல். இப்போது வீட்டிலும் தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறாள்.

ஈபிள் கோபுரம், லூவர் அருங்காட்சியகம், வெர்சாய் அரண்மனை, நோத்ர் தாம் பேராலயம், வெற்றி வளைவு என்று வரிசையாக இருந்தன. அதன் பிறகு கடலுக்குள் நிற்கும் மோன் சேன் மிஷேல் மடம், தெற்கே ரோமானியர் கட்டிய மூன்றடுக்கு நீர்ப்பாலம், சில கோட்டைகள். நான் தாராவியிலிருந்து பாரிஸின் வடக்குப் புறநகருக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. எங்களால் வட்டம் போட முடிந்தது மூன்றுக்குத்தான். மற்ற பிள்ளைகள் எத்தனை போட்டிருப்பார்களோ என்று கவலைப்பட்டேன். மோன் சேன் மிஷேலுக்கும் ஒரு வட்டம் போட்டுவிடலாமா, யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். நினைத்ததற்கு வெட்கப்பட்டேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

"தாத்தா இதில் எதையெல்லாம் பார்த்தார்?" என்று ரேச்சல் பிரெஞ்சில் கேட்டாள்.

"தாத்தா இங்க வந்ததே இல்லையேம்மா."

"ஆனால் அவருக்கு எல்லாம் தெரியுமே. ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்வாரே." விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள். "தூர் எஃபெல், லூவ்ர், வெர்சாய்..."

எங்கள் வீட்டில் பேச்சு இப்படித்தான் நடக்கும். அவள் பிரெஞ்சில் கேட்பாள், நான் தமிழில் பதில் சொல்வேன். இருவரும் பாதி பாதி புரிந்துகொள்வோம். அன்று அவள் சொன்னது எனக்கு முழுதாகப் புரிந்தது. தாளில் இருந்த முதல் ஐந்து இடங்களும், நான் அப்பாவுக்கு மனப்பாடம் செய்வித்த அதே ஐந்து இடங்கள். அதே வரிசை.

அப்பா இறந்து அடுத்த மாதம் ஒரு வருடம். ஆண்டுப் பூசைக்கு நானும் ரேச்சலும் மும்பை போக டிக்கெட் எடுத்திருந்தோம்.

2

அப்பாவின் பெயர் லூர்துசாமி. மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அவர் பெயர்தான் இருக்கிறது. அதனால் இங்கே பல் மருத்துவரிடமும் நகராட்சியிலும் நான் மதாம் லூர்துசாமி. பிரெஞ்சில் 'லூர்து' என்று காதில் விழுந்தால் 'கனமானவள்' என்று பொருள். ஒருமுறை மருத்துவமனை வரவேற்பில் இருந்த பெண் பெயரைக் கேட்டுவிட்டு, "அப்படி ஒன்றும் தெரியவில்லையே மதாம்" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் எதற்குச் சிரித்தோம் என்று புரிந்தது.

அப்பாவிடம் போனில் சொன்னபோது அவருக்கு அது வருத்தமாகவே படவில்லை.

"கனம்னா மரியாததானே? கனம் கோர்ட்டார் அவர்களேன்னு சொல்லுதாங்கள்லா. உன்னைய மரியாதயாத்தான் கூப்பிடுதாங்க, விடு."

லூர்து மாதா கெபியைத் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிரான்சின் தெற்கே, மலையடிவாரத்தில் லூர்து என்று ஓர் ஊர். அங்கே ஒரு பாறைக்குகையில் மாதா ஓர் ஏழைப் பெண்ணுக்குக் காட்சி கொடுத்தாள் என்பது நம்பிக்கை. அந்தக் குகையைப் போலச் சிமெண்டில் செய்து நம் ஆட்கள் போகிற ஊரிலெல்லாம் வைத்திருக்கிறார்கள். அதுதான் கெபி. தாராவியில் எங்கள் சந்து முனையிலும் ஒன்று உண்டு. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பாவும் சந்து ஆண்களும் சேர்ந்து கட்டியது. கம்பிக்கதவு அப்பா வெல்டிங் செய்தது. பத்து வயது வரை லூர்து என்பது அந்த இடத்தின் பெயர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு காலண்டர் படத்தைப் பார்த்துக் கட்டினார்கள். படத்தில் மாதா இடப்பக்கப் பொந்தில் நின்றாள். இவர்களும் இடப்பக்கம் வைத்தார்கள். எல்லாம் முடிந்து மந்திரித்த பிறகு, வெளியூரிலிருந்து வந்த ஒரு ஃபாதர் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா மாதா வலப்பக்கம்ல நிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"யாருக்கு வலது ஃபாதர்? நமக்கா, மாதாவுக்கா?" என்று அப்பா கேட்டாராம். அதற்குள் ஃபாதர் டாக்சி ஏறிவிட்டார். அந்தக் கேள்வி பல வருடம் சந்தில் உயிரோடு இருந்தது. வேறு வேறு காலண்டர்கள் வந்தன. ஒன்றில் இடம், ஒன்றில் வலம். அச்சில் திருப்பிப் போட்டிருப்பான் என்று ஒரு கட்சி, போட்டோ எடுத்தவன் உள்ளே நின்று எடுத்திருப்பான் என்று இன்னொரு கட்சி.

எனக்குக் கல்யாணமானபோது அப்பா மாப்பிள்ளையிடம் முதலில் கேட்டது அதுதான். என் கணவர் காரைக்கால்காரர். அவர் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததால் குடும்பமே பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றது. ஆனால் அவரும் லூர்தைப் பார்த்ததில்லை. "கூகுள்ல பாத்துச் சொல்றேன் மாமா" என்றார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

"போட்டோவ நம்பித்தானே ஏமாந்தோம். செல்பி எடுத்தா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாறுது பாத்தீங்கள்லா? கண்ணால பாக்கணும்."

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் என்னிடம் அதையே கேட்பார்.

"ஏட்டி ஜெசி, உன் வீட்டுலருந்து லூர்து எவ்வளவு தூரம்?"

"எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல இருக்கும்ப்பா."

"நம்ம ஊருக்குப் போற நாரோயில் வண்டியில பாதி தூரம். அதுக்கா இத்தன வருசம்? நீ போயிருந்தா எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருப்பியே."

லீவு வரும்போதெல்லாம் ஏதாவது ஒன்று வந்துவிடும். குழந்தைக்குக் காய்ச்சல், கணவருக்கு விமான நிலையக் கிடங்கில் கூடுதல் ஷிஃப்ட், எனக்கு மொழி வகுப்புத் தேர்வு. கேட்கும்போது காரணங்களாகத்தான் தெரிகின்றன.

3

அப்பா தானே வந்து பார்க்கிறேன் என்றார். பிப்ரவரியில் லூர்து மாதா திருநாளுக்கு அங்கே நிற்க வேண்டும். அதற்கு விசா.

சொந்தக்காரர் வந்து நம் வீட்டில் தங்குவதென்றால் இங்கே நகராட்சியில் ஒரு சான்று வாங்க வேண்டும். வீடு எத்தனை சதுர மீட்டர், எத்தனை பேர் இருக்கிறோம், விருந்தாளி எங்கே படுப்பார் என்று எழுத வேண்டும். வீட்டை வந்து பார்க்கவும் பார்க்கலாம். எங்களுடையது ஒரே அறையும் ஒரு சமையல் மூலையும். தாராவியில் அதைவிடச் சின்ன வீட்டில் ஏழு பேர் படுத்தோம், யாரும் அளந்து பார்க்கவில்லை. இங்கே ஓர் அதிகாரி வந்து எங்கள் மடக்குக் கட்டிலைப் பார்த்துக் குறித்துக்கொள்வதை நினைத்தாலே எனக்குக் கூச்சமாக இருந்தது.

"உள்ளத உள்ளபடி எழுதிடு. அதிகபட்சம் இல்லன்னு சொல்லுவாங்க" என்றார் கணவர்.

நான் கேட்கவில்லை. நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். அப்பா சுற்றுலாப் பயணி, ஓட்டலில் தங்குகிறார், ஐந்து நாளில் ஐந்து இடங்களைப் பார்க்கிறார். ஒரு நாளுக்கு ஒன்று என்று அட்டவணை தயாரித்தேன். அதில் லூர்து இல்லை. வயதான மனிதர் லூர்துக்குப் போகிறார் என்றால் நோயாளி என்று நினைப்பார்களோ என்று பயம். ஓட்டல் முன்பதிவு போட்டு, அந்தத் தாளையும் இணைத்தேன். படித்தவள் செய்கிற ஒழுங்கோடு செய்தேன்.

பிறகு ஞாயிறுதோறும் பாடம் நடந்தது. ரேச்சல் என் மடியில் உட்கார்ந்து போனில் தாத்தாவைத் திருத்துவாள்.

"வெர்சாய்னா என்னட்டி?"

"ராஜா அரண்மனைப்பா."

"ராஜா இருக்காரா?"

"அவர் தலைய எப்பவோ வெட்டிட்டாங்க."

"அப்ப ஆளில்லாத வீட்டுக்கா போறோம்? சரி, அடுத்தது?"

"வெற்றி வளைவு. நம்ம கேட்வே ஆஃப் இந்தியா மாதிரி இருக்கும்."

"அத இங்கயே பாத்தாச்சே. பஸ்லயே போயிட்டு வந்துருவேன்."

"யப்பா, விளையாடாதீங்க. போன் பண்ணிக் கேப்பாங்க. நோத்ர் தாம் சொல்லுங்க."

"அது மாதா கோயில்தானே? அது ஞாபகம் இருக்கும்."

எல்லாவற்றையும் தமிழில் எழுதிச் சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டிவைத்தார். அண்ணி அரிசி எடுக்கத் திறக்கும்போதெல்லாம் வெர்சாய் வெர்சாய் என்று சொல்லிச் சிரிப்பாள்.

4

போன வருடம் ஜனவரியில் ஒருநாள் விசா விஷயமாகச் சரிபார்க்க ஒருவர் போன் செய்தார். இந்தியில் பேசினார். அண்ணன் அந்தோணி பக்கத்தில் இருந்தான். அவன்தான் ஸ்பீக்கரைப் போட்டது. அன்று நடந்ததை அவன் எனக்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறான் என்று கணக்கே இல்லை.

"கிஸ்கோ மில்னே ஜா ரஹே ஹோ?" யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்.

அப்பா அலமாரிக் கதவைத் திரும்பிப் பார்த்தாராம். ஆனால் இடங்களைத்தான் எழுதிவைத்திருந்தோம். யாரை என்று கேட்டால் என்ன சொல்வது என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை. மகள் பெயரைச் சொல்லக் கூடாது என்று மட்டும் சொல்லியிருந்தேன். அப்பாவுக்குப் பொய் வராது. உண்மையில் யாரைப் பார்க்கப் போகிறாரோ அவரைச் சொன்னார்.

"மதர் கோ."

"மதர் உதர் ரெஹ்தீ ஹை?"

"ஹாங் சாப். பஹுத் சால் ஸே உதர்ஹீ ஹை."

அறுபத்தொன்பது வயதுக்காரரின் அம்மா பிரான்சில் பல வருடமாக இருக்கிறாள் என்றால் யார்தான் நம்புவார்கள்? அம்மாவுக்கு என்ன வயது என்று கேட்டிருக்கிறார். அப்பா யோசித்து, மரியாதையாகப் பதில் சொன்னார்.

"தோ ஹஜார் கே ஊப்பர் ஹோகா, சாப்."

இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கும் என்று. எதிர்முனையில் நன்றி சொல்லி வைத்துவிட்டார்களாம்.

இரண்டு வாரத்தில் பாஸ்போர்ட் திரும்பி வந்தது. விசா மறுக்கப்பட்டது என்று பிரெஞ்சில் இருந்த தாளை அப்பா படம் எடுத்து அனுப்பினார். போனை மிகக் கிட்டே பிடித்ததால் மேல்பாதிதான் படத்தில் இருந்தது. மறுப்பு என்ற சொல் இருந்தது. காரணங்களைக் குறிக்கும் கட்டங்கள் கீழே போய்விட்டன. இன்னொரு படம் அனுப்புங்கள் என்று நான் கேட்கவில்லை. காரணம்தான் எனக்குத் தெரியுமே.

"ஒரு வார்த்தப்பா. ஈபிள் டவர்னு ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். நான் ரெண்டு மாசமா உக்காந்து எழுதுனேன். எல்லாத்தையும் ஒரு வார்த்தைல கெடுத்துட்டீங்க."

அப்பா ஒத்துக்கொண்டார்.

"ஆமா புள்ள. வாய் தவறிட்டு."

கோடையில் மறுபடி போடலாம் என்றேன். ஏப்ரலில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. ஜூலையில், கொட்டுகிற மழையில், சயான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கத்துக்கு எல்லோரும் எனக்காகத்தான் காத்திருந்தார்கள்.

5

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அப்பாவின் காகிதங்களை எடுத்துவைத்தேன். பென்ஷன் புத்தகம், ஞானஸ்நானச் சான்று, அதன் கீழே அந்தத் தாள். இப்போது முழுதாகப் பார்த்தேன்.

ஒரே கட்டத்தில்தான் குறி இருந்தது. தங்கும் ஏற்பாடு பற்றிக் கொடுத்த விவரங்கள் நம்பும்படியாக இல்லை என்ற கட்டம். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி தட்டச்சு செய்திருந்தார்கள். ஓட்டல் முன்பதிவு ரத்து செய்யப்பட்டிருக்கிறது.

அதை ரத்து செய்தது நான்தான். விண்ணப்பம் கொடுத்து நான்கு நாள் கழித்து. விசா வந்த பிறகு எப்படியும் எங்கள் வீட்டில்தானே இருக்கப்போகிறார், வேண்டுமானால் மறுபடி போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்து ஒரு பொத்தானை அழுத்தினேன். அழுத்தியதுகூட எனக்கு மறந்துபோயிருந்தது.

அப்பா 'மதர்' என்று சொன்னதைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வார்த்தை இல்லை.

தாளை மடித்து என் பையில் வைத்துக்கொண்டு பாரிஸ் வந்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. கணவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், நான்தான் உள்ளதை எழுதச் சொன்னேனே என்று அவர் சொல்லமாட்டார். சொல்லாமல் இருப்பார் என்பதுதான் எனக்குத் தாங்காது.

6

இந்த வருடம் ஈஸ்டர் விடுமுறையில் நாங்கள் மூவரும் லூர்துக்குப் போனோம். ஒன்பது வருடமாகக் கூடிவராத பயணம், ஒரே நாளில் டிக்கெட் எடுத்து முடிந்துவிட்டது.

நான் நினைத்ததைவிட அந்த இடம் தாழ்வாக இருந்தது. பக்கத்திலேயே ஆறு, பச்சை நிறத்தில் வேகமாக ஓடுகிறது. மேலே கோபுரங்களோடு பெரிய ஆலயம். அதன் அடியில் சாதாரண ஈரப்பாறை. தொட்டுத் தொட்டு அந்தப் பாறை வழவழப்பாகிவிட்டது. சக்கர நாற்காலிகள் வரிசையாக நின்றன. பின்னால் இலங்கைத் தமிழ்க் குடும்பம் ஒன்று மெதுவாக ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தது.

மாதா வலப்பக்கம் நிற்கிறாள். பார்க்கிற நமக்கு வலம்.

நான் போட்டோ எடுக்கவில்லை. எடுத்தால் யாருக்கு அனுப்புவது? "இங்கே ஏன் அழுகிறாய், இது தாளில் இருக்கிற இடமா?" என்று ரேச்சல் கேட்டாள். பள்ளித் தாள் அப்போது வந்திருக்கவில்லை. தாத்தாவின் ஐந்து இடங்களைத்தான் தாள் என்று சொன்னாள். இல்லை என்றேன். அவளுக்கு அது குழப்பமாக இருந்தது. தாத்தா மனப்பாடம் செய்த இடங்கள் எல்லாம் வேறு, பார்க்க ஆசைப்பட்ட இடம் வேறு என்பதை எட்டு வயதுப் பிள்ளைக்கு எந்த மொழியில் சொல்வது?

7

ஜூலையில் ஆண்டுப் பூசை. சந்து முழுக்கத் தண்ணீர். பேன்ட்டை மடித்துக்கொண்டு வந்தவர்களும் செருப்பைக் கையில் பிடித்து வந்தவர்களுமாகக் கோயில் நிறைந்திருந்தது. ஆண்டாப் ஹில்லிலிருந்து சொந்தக்காரர்கள், செம்பூரில் அண்ணனோடு வேலை பார்க்கிறவர்கள், ஒர்க்‌ஷாப்பில் அப்பாவோடு இருந்தவர்கள். பூசை முடிந்து வீட்டிலும் வாசலிலும் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுப் பிரியாணி பரிமாறினோம்.

ரேச்சல் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இந்தியில் கேட்டார்கள், அவள் பிரெஞ்சில் பதில் சொன்னாள், பிறகு எல்லோரும் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

ஒர்க்‌ஷாப் மாமா ஒருவர் பக்கத்தில் இருந்தவரைக் காட்டி அண்ணனிடம் கேட்டார். "அந்தோணி, அந்த விசா கதையச் சொல்லுடே. இவரு கேட்டதில்லயாம்."

அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு வந்து நடுவில் நின்றான். அவன் அதைச் சொல்லும்போது அப்பாவாகவே மாறிவிடுவான். தலையைக் கொஞ்சம் சாய்த்து, வலது காதைப் போன் பக்கம் கொடுத்து. அலமாரிக் கதவைத் திரும்பிப் பார்ப்பது. "மதர் கோ." சிரிப்பு. "உதர்ஹீ ஹை சாப்." இன்னும் சிரிப்பு. "தோ ஹஜார் கே ஊப்பர்" என்று வந்தபோது அந்த மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணி ஸ்டெல்லா, எத்தனையோ முறை கேட்டவள், கரண்டியோடு நின்று சிரித்தாள்.

"அரே, அவ்ளோதான். விசா காலி. மாதாவப் பாக்கப் போறேன்னு சொல்லி மாதாவையே பாக்காமப் போயிட்டாரு எங்கப்பா."

"அது அப்பாவால இல்ல" என்றேன்.

அண்ணன் சிரித்துக்கொண்டே திரும்பினான். "என்னட்டி?"

"விசா அப்பாவால கெடல. நான்தான். ஓட்டல கேன்சல் பண்ணிட்டேன். லெட்டர்ல அதத்தான் எழுதியிருக்கான். மதர்னு சொன்னதப் பத்தி ஒண்ணுமே இல்ல."

தாள் என் கைப்பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அண்ணன் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினான். முதல் பக்கம், பிறகு இரண்டாம் பக்கம் என்று அந்தப் பிரெஞ்சைப் புரட்டிப் பார்த்தான். யாரோ நாற்காலியை நகர்த்திக்கொண்டு, கொஞ்சம் தயிர்ப்பச்சடி இருக்கா என்று அண்ணியிடம் கேட்டார்கள்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"போன வருசம். அடக்கத்துக்கு வந்தப்ப."

"அப்பாவுக்கு?"

"தெரியாது."

அண்ணி மெதுவாகச் சொன்னாள். "மாமா வர்றவங்க எல்லார்ட்டயும் சொல்லிச் சிரிப்பாரு ஜெசி. என் புள்ள அங்க உக்காந்து பக்கம் பக்கமா எழுதுனா, நான் ஒரு வார்த்தைல கெடுத்துட்டேன்னு. உன்ன அப்படிப் பெருமையாச் சொல்லுவாரு."

நான் வீட்டுக்குள் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். சொல்லியிருக்க வேண்டும் என்று ஒரு வருடம் நினைத்தேன். சொன்ன பிறகு, சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று நினைத்தேன். என் மனப்பாரத்தை இறக்கி வைக்க அத்தனை பேர் முன்னால்தான் சொல்ல வேண்டுமா? அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா? பாரிஸுக்குத் திரும்பி வந்த பிறகும் இதையேதான் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் உள்ளே வந்தான். கோபமாக இல்லை. தாளை மடித்து என் பக்கத்தில் வைத்தான்.

"ஒன்னைய ஒண்ணும் சொல்லல. தப்பு யாரும் பண்ணுவாங்க, டென்ஷன் எடுக்காத. ஆனா அப்பா குரல் எனக்கு அந்தக் கதையிலதான் வரும். சும்மா பேசிப் பாத்தா வரமாட்டேங்குது." அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "இனிமே நான் அத எப்படிட்டி சொல்லுவேன்?"

நான் தாளை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

மாலையில் மழை விட்டதும் முலுண்டிலிருந்து சித்தப்பா குடும்பம் தாமதமாக வந்தது. ரயில் நின்றுவிட்டதாம். அவர்களுக்குத் தட்டு வைத்தோம். சாப்பிட்டுக்கொண்டே சித்தப்பா என்னைப் பார்த்து, அண்ணாச்சி கடைசி வரைக்கும் லூர்துக்குப் போகவே இல்லையே, என்னதான் ஆச்சு என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் பிரியாணி வைத்தான்.

"விசா கெடைக்கல சித்தப்பா" என்றான். அந்தக் கதையைச் சொல்லாமல் அடுத்த தட்டுக்குப் பிரியாணி வைக்கப் போனான்.